மண்ணெண்ணெய் கார்டில் என் பெயர்

1

போன செவ்வாய்க்கிழமை எண்ணெய் லாரிக்காரன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். பன்னிரண்டு வருடமாக அவனைப் பார்க்கிறேன். சிரித்துப் பார்த்ததில்லை. "விலை விழுந்துவிட்டது, கேள்விப்பட்டாயா? இன்னும் விழுமாம்" என்றான், ஏதோ அவன் வீட்டில் ஆண் குழந்தை பிறந்த மாதிரி. பிறகு ரப்பர் குழாயை இழுத்துத் தொட்டியின் வாயில் சொருகினான்.

என் வேலையைப் பற்றி ஊரில் தப்பாகப் பரவியிருக்கிறது. என் மாமனார் போகிற இடமெல்லாம் "மாப்பிள்ளை பிரான்சில் எஞ்சினியர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதெல்லாம் இல்லை. பாரீசுக்கு வெளியே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதன் நிலத்தடியில் ஒரு கொதிகலன். அங்கிருந்து வெந்நீர் குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் ஏறி, குளிர்காலம் முழுக்க வீடுகளைச் சூடாக வைத்திருக்கும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அந்த அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறவன் நான். அடுப்பு குடிப்பது மஸூத் என்கிற எண்ணெய், டீசலுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, நான் அடுப்பூதுகிறவன். எங்கள் வீட்டில் அடுப்பூதுகிறவர்கள் இரண்டு பேர், நானும் என் அக்காவும்.

லாரிக்காரன் குழாயைக் கழற்றும்போது வழக்கம்போலக் கொட்டினான். ஒரு லிட்டருக்குக் குறையாது. "போகட்டும்" என்று மரத்தூளை அள்ளி மேலே போட்டுக் காலால் தேய்த்தான். இது ஒவ்வொரு தடவையும் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் எரிகிறது என்று அவனுக்குச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. பதினேழு வருடம் ஆகியும் போதாது.

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, "இனிமேல் கொஞ்சம் தாராளமாகவே சூடு வை" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பார்க்கிறேன், நாலாவது மாடியில் ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, வேர்க்கிறது என்று ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் எரித்த எண்ணெயெல்லாம் புறாக்களுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தது.

லாரி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனால் மேசைமேல் அக்காவின் கடிதம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பன்னிரண்டு வருடம் பின்னால் போகாமல் அதைச் சொல்ல முடியாது.

2

அக்கா பெயர் லூர்துமேரி. காரைக்கால் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இட்லிக் கடை போட்டிருந்தாள். கடை என்றால் நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு பெஞ்சு, இரண்டு பம்ப் ஸ்டவ். அவள் புருஷன் நாகப்பட்டினத்தில் லாரி ஓட்டியவர். அக்காவுக்கு முப்பது வயதாகும் முன்பே இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. தலத்தெருவில் இருந்த அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள்.

அப்பா ‘சொல்தா’. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அறுபத்திரண்டில், காரைக்காலைப் பிரான்சு சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்து, உனக்கு எந்த நாடு வேண்டும் என்று கேட்டபோது பிரான்சு என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது, அவரோடு சேர்ந்து நானும் பிரெஞ்சுக்காரன் ஆனேன். அக்கா அதற்குள் கல்யாணமாகிப் போய்விட்டதால் இந்தியக்காரியாகவே இருந்துவிட்டாள். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது அதிசயமாக இருக்கலாம். எங்கள் தெருவில் இதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ரேஷன் கார்டு அப்பா பெயரில் இருந்தது. அதில் நாலு பெயர்: அப்பா, அம்மா, நான், அக்கா. நான் அறுபத்தொன்பதில் பிரான்சுக்கு வந்தேன். எழுபதில் அம்மா இறந்தாள். எழுபத்திரண்டில் அப்பா. ஆனால் கார்டில் நாங்கள் நாலு பேரும் சௌக்கியமாக ஒரே வீட்டில் இருந்தோம். மாதா மாதம் நாலு பேருக்கான மண்ணெண்ணெய் வந்தது. அதோடு, விறகு எரிக்கிற அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து அக்கா கடையை ஓட்டினாள். இது தப்பா என்று கேட்டால் தப்புதான். எங்கள் தெருவில் அப்படி இல்லாத கார்டு ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

அவளிடம் சாப்பிட்டவர்கள் யார்? பஸ்ஸில் மூட்டை ஏற்றி இறக்குபவர்கள், கைவண்டிக்காரர்கள், முதல் பஸ் எடுக்கும் டிரைவர், கண்டக்டர். சனிக்கிழமையானால் திருநள்ளாறு போகிற கூட்டம். இவர்கள் யாரும் ஓட்டலுக்குள் போய் உட்காருகிறவர்கள் இல்லை. எழுபத்துமூன்று கடைசியில் எண்ணெய் விலை ஏறியது. அக்கா இட்லியின் விலையை ஏற்றவில்லை. பாத்திரக் கடைக்குப் போய், குழி ஆழம் குறைந்த இட்லித் தட்டாகப் பார்த்து வாங்கி வந்தாள். மறுநாளே மூட்டை தூக்கும் ராமையன் கண்டுபிடித்துவிட்டாராம்.

"என்னக்கா, இட்லி இளைச்சுப் போச்சே? காச்சலா?"

"ஆமாண்டா. எண்ணெ வெல ஏறுனதுலேருந்து அதுக்கும் சாப்பாடு கொறச்சல்" என்றாளாம் அக்கா.

ராமையன் வழக்கமாக நாலு சாப்பிடுகிறவர், அன்றும் நாலுதான் சாப்பிட்டார். எண்ணிக்கையை ஏற்ற அவருக்குக் கட்டாது. அதே மூட்டை, அதே முதுகு, இட்லி மட்டும் சின்னது. விலைவாசி பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் படித்திருக்கிறேன். எதிலும் இந்த இட்லித் தட்டு வரவில்லை.

3

அதே குளிர்காலத்தில் இங்கே என்ன நடந்தது? அரபு நாடுகள் எண்ணெயைத் தராமல் நிறுத்திவிட்டன, இனி வீட்டுச் சூடு இருபது டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. நான் அப்போதுதான் கொதிகலன் வேலையில் சேர்ந்திருந்தேன். சுவரில் அறிவிப்பை ஒட்டி, திருகைத் திருப்பிச் சூட்டைக் குறைத்தேன். மூன்றாவது மாடிக் கிழவி படியிறங்கி வந்து, "நீ வெயில் நாட்டிலிருந்து வந்து எங்களைக் குளிரில் சாகடிக்கிறாய்" என்று கத்தினாள். நான் நிமிர்ந்து நின்று, "மதாம், இது நாட்டுக்காக" என்றேன். நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

அப்போது எனக்கு அப்படி ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் எழுதித் தெரிவிக்க வேண்டும். வீடு மாறினால் தெரிவி. குழந்தை பிறந்தால் தெரிவி. வேலை போனால் தெரிவி. தெரிவித்தால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதனால் உலகம் முழுக்க இப்படித்தான், நாம்தான் இத்தனை நாள் தெரிவிக்காமல் இருந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் தபாலில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வரும், ஒரு மாதம் பழசாக. அதில் ஒரு கட்டுரை: மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குக் காரணம் போலிப் பெயர்கள், செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் வாங்கி ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று. படித்து முடித்ததும் எனக்குள் இருந்த நல்லவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பேனாவை எடுத்தேன்.

என் மனைவி பிலோமினா கர்ப்பமாக இருந்தாள். சோபாவில் சாய்ந்தபடியே கேட்டாள்.

"யாருக்கு எழுதுறீங்க இவ்வளவு அழகா?"

"சப்ளை ஆபீசுக்கு. கார்டுலேருந்து எங்க மூணு பேரையும் எடுத்துடச் சொல்லி."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்களேன்."

"இதுல கேக்க என்ன இருக்கு? நியாயம்தானே?"

"நியாயந்தான். அதான் கேட்டுட்டு எழுதுங்கங்கிறேன்."

நான் கேட்கவில்லை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. என் தந்தை காலமாகிவிட்டார், தாயாரும் காலமாகிவிட்டார், நான் பிரான்சில் வசிக்கிறேன், எனவே எங்கள் மூவரின் பங்கை ஏதேனும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அளிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால். தபால் நிலையத்திலிருந்து திரும்பி நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் போயிற்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. "இங்கு அனைவரும் நலம். கடைக்கு ஒன்றும் குறையில்லை. செலினுக்குப் பல் முளைத்ததா?" செலின் என் மகள். நான் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி அக்கா ஒரு வரி எழுதவில்லை. போய்ச் சேர்ந்திருக்காது என்று நினைத்தேன். பிறகு மறந்தும் போனேன்.

4

எண்பதில், ஆகஸ்ட் லீவில், குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா கடை இருந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தேன். அங்கே ஒருவன் பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "இட்லிக் கடை அக்காவா? உள்ள தள்ளிப் போட்டிருக்காங்க, அந்தச் சந்துல" என்று கை காட்டினான்.

சந்து முழுக்கப் புகை. சவுக்கு விறகு ஈரம். அக்கா குனிந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்திருந்தன. "வந்துட்டியாடா" என்று எழுந்தவளுக்கு இருமல் வந்து, பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஸ்டவ் எங்கக்கா?"

"பரண்ல இருக்கு."

"ஏன்?"

"சும்மா இருக்கட்டுமேன்னு."

சாயங்காலம் வரை பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டபிறகுதான் சொன்னாள். என் கடிதம் போன சில வாரத்திலேயே கார்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். எந்த ஆபீசும் இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்ச நாள் கள்ள விலைக்கு வாங்கிப் பார்த்திருக்கிறாள், கட்டவில்லை. விறகுக்கு மாறினாள். புகை வருகிறது, துணியெல்லாம் கறுக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். முனிசிபாலிட்டியிலிருந்து ஆள் வந்து சந்துக்குள் தள்ளிவிட்டுப் போனான். பஸ் கிளம்பப்போகிற அவசரத்தில் யார் சந்துக்குள் ஓடி வந்து சாப்பிடுவார்கள்? டிரைவரும் கண்டக்டரும் நின்றுபோனார்கள். ராமையனும் கைவண்டிக்காரர்கள் சிலரும் மட்டும் விடாமல் வந்தார்கள்.

"ஆறு வருஷமாக்கா? ஏன் எனக்கு எழுதல?"

"எழுதி? நீ இன்னொரு லெட்டர் போடுவே. இருக்குற வீடும் போயிடும்."

பிலோமினா என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சப்ளை ஆபீசுக்குப் போனேன். கிளார்க் பெயர் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். "அடடே! அந்த லெட்டர் எழுதினது நீங்கதானா?" என்று பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து வந்தார். என் கடிதம் மஞ்சளடைந்து, ஆனால் ஒரு கசங்கல்கூட இல்லாமல், பத்திரமாக இருந்தது. "என்ன எழுத்து சார்! இதைப் பாத்துட்டு எங்க பெரியவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? காரைக்கால்லேயே ஒரே ஒரு யோக்கியன்தான், அவனும் பிரான்சுல இருக்கான்னாரு."

"சரிங்க. எங்க அக்காவுக்கு ஏன் கார்டு இல்ல? அவங்க பேரை எடுக்கச் சொல்லி நான் எழுதலையே."

"நீங்க எழுதலதான். ஆனா குடும்பத் தலைவர் காலமாயிட்டாருன்னு எழுதிட்டீங்களே சார். தலைவர் இல்லாத கார்டு எப்படிச் செல்லும்?"

"அப்ப அவங்க பேர்ல புதுசா ஒண்ணு கொடுங்க."

"கொடுக்கலாம். வீடு அப்பா பேர்ல இருக்கு. வாரிசு சர்ட்டிபிகேட் வேணும். வாரிசுன்னா நீங்களும் வர்றீங்க. நீங்க ஃபாரினர். நீங்க இங்க கையெழுத்துப் போட்டா செல்லாது. அங்க போய், நம்ம எம்பசியில போட்டு, அவங்க சீல் வெச்சு அனுப்பணும்."

"நான் இதோ உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன்."

"அதான் சார் பிரச்சினையே" என்றார் மிகவும் வருத்தமாக.

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம். "அந்த மண்ணெண்ணெய் யாருக்குப் போச்சுங்க?"

"எதுங்க?"

"எங்க மூணு பேர் பங்கு. ஏழைக் குடும்பத்துக்குக் கொடுங்கன்னு எழுதியிருந்தேனே."

கிளார்க் ஃபைலை மூடினார்.

"சார், டீ சாப்பிடுறீங்களா?"

5

அந்த வருடமும் விலை ஏற்றியிருந்தார்கள். அதை எதிர்த்து ஊரில் ஊர்வலம். நடத்தியவர் கோவிந்தராசு என்கிற உள்ளூர்த் தலைவர். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, எந்தக் கட்சி என்று வைத்துக்கொண்டாலும் கதை மாறாது. பெட்ரோலைப் புறக்கணிக்கிறோம் என்று காட்டுவதற்காக மாட்டு வண்டியில் வரப் போகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து பலகை சாய்த்து ஒரு மாட்டு வண்டியை இறக்கினார்கள். பிறகு மாடுகளை இறக்கினார்கள். வண்டிக்காரர் திருநள்ளாற்றுப் பக்கம் குறுவை போட்டிருந்த குடியானவர். டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைப்பவர், விலை ஏற்றத்தில் நிஜமாகவே வெந்துபோயிருந்தவர். அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. மாட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"லாரியிலயா கொண்டாந்தீங்க?" என்று கோவிந்தராசுவிடம் கேட்டேன்.

"பின்ன? அவ்வளவு தூரம் நடந்தா மாடு அசந்துடுங்க. அப்புறம் ஊர்வலத்துல படுத்துக்கும்" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை. அவர் நல்ல மனிதர்தான், அதுதான் என் எரிச்சலுக்குக் காரணம். அக்காவிடம் இட்லி சாப்பிட்டு ஒழுங்காகக் காசு கொடுக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் என் தோளில் கை போட்டார். "கார்டுதானே? நம்ம ஆட்சி வரட்டும், ஒரே வாரம். இப்ப நீங்க மேடைக்கு வாங்க. பிரான்சுலேருந்து வந்தவர் பேசுனா எடுப்பா இருக்கும்."

கார்டுக்காக ஏறினேன். மைக்கைப் பிடித்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன். "பிரான்சிலும் எண்ணெய் விலை ஏறிவிட்டது. எங்களையும் வீட்டுச் சூட்டை இருபது டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்" என்றேன். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஆகஸ்ட் மாதம், உச்சி வெயில், ஒவ்வொருவரும் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

கீழேயிருந்து ராமையன் கத்தினார். "வூட்டுக்குள்ள எதுக்குங்க சூடு?"

"குளிருக்காகத்தான்..."

"அப்ப நம்ம வெயிலு கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, சும்மாதான் கெடக்கு!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோவிந்தராசு மைக்கை வாங்கிக்கொண்டார். "தோழர்களே! பிரான்சு நாட்டிலேயே மக்கள் குளிரில் நடுங்குகிறார்கள் என்றால், அதற்கு யார் காரணம்?" என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார்: டெல்லி. கை தட்டினார்கள். மூன்றாவது மாடிக் கிழவி நடுங்கியதற்கு நான் காரணமில்லை, டெல்லிதான் காரணம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இறங்கி வந்தபோது அக்கா சந்து முனையில் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லாப் பேசுனடா" என்றாள். புகையா, சிரிப்பா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. மாடுகளைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

6

பாரீசு திரும்பிய முதல் வாரமே எம்பசிக்குப் போனேன். அங்கே இருந்தவர் இந்தியில் பேசினார், எனக்குத் தெரியாது. இங்கிலீஷுக்கு மாறினார், அதுவும் எனக்குக் கொச்சை. நான் பிரெஞ்சில் பேசினேன், அவர் முகத்தைச் சுளித்தார். தமிழில் பேசினேன், பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். என் நாட்டு ஆபீசில் என் நாட்டுக்காரரோடு பேச எனக்கு ஒரு மொழி கிடைக்கவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது, அது என் நாடு இல்லையே. காகிதத்தை வாங்கிப் பார்த்து, முதலில் நான் நான்தான் என்று பிரெஞ்சு நகராட்சியில் சான்று வாங்கி வரச் சொன்னார். வாங்கினேன். மொழிபெயர்க்கச் சொன்னார். செய்தேன். ஊருக்குப் போன காகிதத்தில் என் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது என்று அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். இங்கே அப்படித்தான் எழுதுவார்கள் என்று நான் விளக்கம் எழுதினேன். இப்படியே ஆறு வருடம். படிக்கிற உங்களுக்கே அலுப்பாக இருக்கும், அதனால் விடுகிறேன்.

இதற்கு நடுவில் எண்பத்தொன்றில் இங்கே ஆட்சி மாறியது. என்னோடு வேலை பார்க்கும் மிசேல் தொழிற்சங்கக்காரன். அதுவரை பெட்ரோல் விலை ஏறினால் போதும், "பகல் கொள்ளை, உழைக்கிறவன் ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள்" என்று கொடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். எனக்குக் கார் கிடையாது, இருந்தும் அவன் பின்னால் நடந்திருக்கிறேன். அவனுடைய ஆட்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் விலை ஏறியது. "என்ன மிசேல், எப்போது ஊர்வலம்?" என்றேன். "அவசரப்படாதே. இது டாலர் செய்கிற வேலை, நம் கையில் இல்லை" என்றான், பெரிய டாக்டர் மாதிரி.

சரியாக அதே சமயத்தில் அக்காவிடமிருந்து கடிதம். கோவிந்தராசுவின் ஆட்கள் அங்கே ஆட்சியில் சேர்ந்துவிட்டார்களாம். "அவர் இப்ப மாட்டு வண்டியில வர்றதில்ல, ஜீப்புல வர்றார். விலை ஏறுதேன்னு கேட்டா, உலக மார்க்கெட்டுங்கிறார். உலக மார்க்கெட்டு எங்கங்க இருக்கு, நம்ம மீன் மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கமான்னு ராமையன் கேட்டான். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. கார்டு விஷயம் கேட்டேன். பார்க்கலாம்னார்."

மிசேலும் கோவிந்தராசுவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் வெளியே நின்றால் ஒரு பேச்சு, உள்ளே போனால் ஒரு பேச்சு என்பதை இரண்டு பேரும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி படித்திருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் நல்லது.

7

இப்போது, போன செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்துக்கு வருகிறேன்.

அக்கா அஞ்சாவது வரை படித்தவள், எழுத்து குண்டு குண்டாக இருக்கும். இந்தக் கடிதத்தில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கடைசி வரி தாளை விட்டு வெளியே போயிருந்தது. பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்தாள்.

"அன்புள்ள தம்பிக்கு. உலகமெல்லாம் எண்ணெய் விலை இறங்குதுன்னு ரேடியோவில சொன்னாங்க. இங்க இந்த வருஷமும் ஏத்தினாங்க. எல்லாரும் சத்தம் போட்டதும் கொஞ்சம் குறைச்சாங்க. குறைச்சதுக்கு நன்றின்னு கோவிந்தராசு போஸ்டர் ஒட்டியிருக்கார். கார்டு வந்துடுச்சுடா. என் பேர்ல. பரண்லேருந்து ஸ்டவ்வை இறக்கி வாஷர் மாத்திட்டேன். குடம் விக்கிற பையன் பாதி இடம் விடறேன்னு சொல்லிட்டான். திங்கக்கிழமையிலேருந்து பழைய இடத்துலயே போடப் போறேன். கண்ணு முன்ன மாதிரி தெரியல. புகையாலன்னு டாக்டர் சொல்றார். இட்லிக்குக் கண்ணு எதுக்கு, ஆவி வந்தா தெரியும்."

பிலோமினா நிறுத்திவிட்டாள். நான், "படி" என்றேன். நியாயம், நாடு, ஏழைக் குடும்பம் என்று அழகழகாக எழுதி நான் சாதித்தது இதுதான்: என் அக்காவின் இரண்டு கண். கோவிந்தராசுவைத் திட்டலாம், மிசேலைத் திட்டலாம், கிளார்க்கைத் திட்டலாம். அந்தக் கடிதத்தில் இருந்தது அவர்கள் கையெழுத்து இல்லை.

அவள் தொடர்ந்து படித்தாள். "கார்டுல இருக்கிற பேரு எழுதறேன், சரியான்னு பாரு. லூர்துமேரி, குடும்பத் தலைவி. அப்புறம் நீ, தம்பி. பிலோமினா, தம்பி மனைவி. செலின், தம்பி மகள். எழுதிக்கிட்டவர் புதுசு. இவங்கல்லாம் இங்கதான் இருக்காங்களான்னு கேட்டார். இல்லாம எங்க போயிட்டாங்க, வருவாங்கன்னேன். இந்தத் தடவை யாருக்கும் லெட்டர் போட்டுடாதடா."

செலினுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், தன் பெயரைக் கேட்டதும் தலையைத் தூக்கினாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. காரைக்காலில் அவளுக்கு ஞாபகம் இருப்பது லாரியிலிருந்து மாடு இறங்கியது மட்டும்தான்.

"அப்பா, இது பொய்யாயிற்றே" என்றாள் பிரெஞ்சில். "நாம் அங்கே இல்லையே."

"சரி."

"நம் மூன்று பேர் பெயரிலும் வாங்கினால் வேறு யாருக்கோ இல்லாமல் போகும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாம் எழுதித் தெரிவிக்க வேண்டும்." பேனாவும் கையில் தயாராக இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் அவள் எழுத்து வரி வரியாக, அச்சடித்த மாதிரி. என் கையெழுத்து அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

"பேனாவைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன்" என்றேன்.

பிறந்ததிலிருந்து அவளை நான் ஒரு அதட்டல் அதட்டியதில்லை. வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். தமிழில் சொன்னதுதான், முழுசாகப் புரிந்துவிட்டது. பிலோமினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அப்புறம் நான் சொல்றேன், நீ பாடத்தை எழுது" என்று அவள் தலையைத் தடவினாள்.

நான் தாள் எடுத்து அக்காவுக்குப் பதில் எழுதினேன். அவள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டேன். அதனால் நிறைய எழுத இடமில்லை.

"அக்கா, கார்டில் பெயரெல்லாம் சரியாக இருக்கிறது. நாங்கள் மூவரும் உன்னோடு அங்கேதான் இருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் அப்படியே சொல். எங்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்."